உரித்த பழத்தையும் எடுத்துக்கொண்டு போனவர்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் தாம்பாளத் தட்டோடு படியேறினால் இரண்டே காரணம்தான் இருக்கும். பெண் கேட்க வருகிறார், இல்லையென்றால் பத்திரிகை வைக்க வருகிறார். மூன்றாவதாக ஒரு காரணத்துக்குத் தட்டைத் தூக்கிய ஆளை என் வாழ்நாளில் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் வேலை விஷயமாக வருவார். அதுவும் ‘வேலை போட்டுக் கொடுங்கள்’ என்று கெஞ்ச அல்ல, ‘உங்கள் இடம் எங்கள் பிள்ளைக்குச் சரிப்படுமா’ என்று பார்த்துவிட்டுப் போக. வெற்றிலை, பாக்கு, கொஞ்சம் கதம்பம், ஒரு சீப்பு வாழைப்பழம். இடம் பிடித்திருந்தால் பழம் அங்கேயே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் வந்த வழியே பழமும் திரும்பிவிடும். என் கடையிலிருந்து திரும்பிப் போனது. அதில் ஒன்றை நான் உரித்து வாயருகே கொண்டுபோயிருந்தேன். கையை நீட்டி அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இதைச் சொல்லும்போதே எனக்குக் காது சுடுகிறது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஊரில் அந்த அம்மாவைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நானும் சொன்னால் என்ன?

எல்லோருக்கும் அவர் வேன்காரம்மா. பெயர் என்று ஒன்று இருந்திருக்கும், யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. வேனை ஓட்டியவர் வேறு ஆள். அந்த மனிதர் பாவம், எத்தனையோ வருடம் ஓட்டினார், அவர் முகம்கூட யாருக்கும் நினைவில்லை. பாண்டிச்சேரிக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடம். பாடம் மெதுவாக ஏறுகிற, பேச்சு சரியாக வராத, மற்ற பள்ளிக்கூடங்கள் ‘எங்களால் ஆகாது’ என்று கைகழுவிவிட்ட பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் அது. மரக்காணத்தில் கிளம்பி, உப்பளத்தை ஒட்டி, பெரிய முதலியார்சாவடி வரைக்கும் வழியெல்லாம் பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு போகும் வேனில் கதவோரம் நிற்பதுதான் அவர் உத்தியோகம். ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், வாந்தி எடுத்தால் துடைக்க வேண்டும். தாலிச் செயினில் வரிசையாக ஊக்கு குத்தியிருப்பார். பட்டன் போன சட்டை, அறுந்த பை, பாவாடை நாடா எல்லாவற்றுக்கும் வைத்தியம் அங்கிருந்துதான் வரும்.

அவருக்கு இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். வேனில் எண்ணினால் பரவாயில்லை. கல்யாணப் பந்தியில், பஸ்சில், ரேஷன் கடை வரிசையில்கூடக் கை தானாகப் போய்விடும். மரக்காணத்தில் கொஞ்சம் கௌரவமான மனிதர்கள் பலரின் தலையை அந்தக் கை ஒரு தடவையாவது தொட்டிருக்கிறது. இரண்டாவது, எங்கிருந்து கிளம்பினாலும் பக்கத்தில் இருப்பதை ஓங்கி இரண்டு தட்டு தட்டி “ரைட்!” என்பார். வேனுக்கு அது சரி. எங்கள் வீட்டு நிலைக்கதவையும் அப்படித்தான் தட்டுவார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் சுவரைத் தட்டி “ரைட்!” என்று சொல்லிவிட்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டாராம். எனக்கு அந்தக் காட்சியை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

என் தங்கை கலைச்செல்வி அந்த வேனில் போனாள். கலைக்கு எழுத்து நிற்காது. இன்றைக்குச் சொல்லிக் கொடுத்தால் நாளைக்குப் புதிதாகப் பார்ப்பாள். எண்ண ஆரம்பித்தால் பாதி வழியில் வேறு எங்காவது போய்விடுவாள். ஆனால் வாய்? யப்பா! ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை விடமாட்டாள். வேலையில் இருக்கிறோம், வண்டியில் போகிறோம் என்றெல்லாம் அவளிடம் சாக்குச் சொல்ல முடியாது. இன்னொன்று, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் சாப்பிடுவாள். இல்லையென்றால் தட்டு அப்படியே இருக்கும், அவளும் அப்படியே இருப்பாள். எங்கள் அம்மா அடுப்படியில் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிற ரகம். கலை பிறந்த பிறகு அந்தப் பழக்கம் செல்லுபடியாகவில்லை.

பதினெட்டு வயதானதும் பள்ளிக்கூடத்தில் ஒரு மாலை போட்டு, ஒரு போட்டோ எடுத்து, அவ்வளவுதான் என்று அனுப்பிவிட்டார்கள். எங்களுக்குத் தெரிந்தது, கலைக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை தலை பின்னி, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ‘இனிமேல் வேன் வராதுடி’ என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். வேன் வந்ததே, அதுதான் கொடுமை! சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டு வழியாகத்தான் தினமும் போகும். இவள் ஒரு அடி முன்னால் வைப்பாள், அது நிற்காமல் போய்விடும். தினமும் இதே கதை. மாதக்கணக்கில் நடந்தது. அதற்குப் பிறகு நாளெல்லாம் திண்டாட்டம்தான். டிவி முன்னால் உட்காருவாள், எழுந்து வாசலைப் பார்ப்பாள். ராத்திரியில் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் எனக்கு மறக்கவில்லை. “நான் இருக்கற வரைக்கும் பக்கத்துல உக்காந்து துன்னுவேன். அப்புறம்?”

வேன்காரம்மா கதவோரம் நின்று கையை மட்டும் ஆட்டிக்கொண்டு போவார். ஒருநாள் அவருக்கே பொறுக்கவில்லை. வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். உள்ளே இருந்த பிள்ளைகள் கத்துகிறார்கள், டிரைவர் ஹார்ன் அடிக்கிறார், இந்த அம்மா எங்கள் வாசலில் நின்று கலையின் பையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“இவள இப்டி நிக்க வெச்சுட்டு தாண்டிப் போக என்னால முடியலப்பா. காலையில தண்ணி எறங்க மாட்டேங்குது. இவளுக்கு ஒரு வேலைய பாத்துடுவோம்.”

“யாரும்மா குடுப்பா?” என்றேன்.

“அது இருக்கட்டும். யாருக்குக் குடுக்கலாம்னு மொதல்ல பாக்கணும்ல? என்னா, நம்ம புள்ள தெருவுல கெடக்குதா?”

நான் சிரித்துவிட்டேன். பட்டம் படித்தவனே பெங்களூருக்கு பஸ் ஏறிக்கொண்டிருக்கிறான். எழுதப் படிக்க வராத பெண்ணுக்கு இவர் மாப்பிள்ளை பார்ப்பது போல முதலாளி பார்க்கப் போகிறாராம்!

ஆனால் அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு விஷயம் இருந்தது. கலைக்கு முன்னால் அதே வேனில் போய்ப் படித்து முடித்தவன் சேகர். அதிகம் பேசமாட்டான், வேலையில் புலி. அவனை ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவச் சேர்த்துவிட்டிருந்தார் வேன்காரம்மா. கையைக் காலைப் பிடித்து வாங்கிய வேலை. பாத்திரம் பளபளவென்று இருந்தது, முதலாளிக்குச் சந்தோஷம். பிறகு ஒருநாள் சேகர் திரும்பி வந்துவிட்டான். அடித்தார்களா? இல்லை. திட்டினார்களா? அதுவும் இல்லை. வேன்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்டபிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னான். “சோறு எறங்கல.” எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு பின்பக்கம் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் தனியாக அவனுக்கு ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். தினமும் அப்படித்தான். யாரும் அதை ஒரு பெரிய குற்றமாக நினைத்துச் செய்யவில்லை. அப்படியே பழகிவிட்டது. சேகர் அதற்குப்பின் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை.

அன்றைக்குத்தான் வேன்காரம்மா கெஞ்சுவதை விட்டார், தாம்பாளம் வாங்கினார். சம்பளம், நேரம், லீவு எல்லாம் கடைசியில்தான் கேட்பார். முதல் கேள்வி ஒன்றே ஒன்று. “மதியானம் எங்க புள்ள யாரோட குந்தி சாப்புடும்?”

“வேலைய யாரு வேணும்னாலும் கத்துக் குடுத்துடலாம்பா. நாலு நாளு லேட்டாவும், அவ்ளோதான். பக்கத்துல குந்தறதுக்கு ஒரு ஆள எங்கேர்ந்து கொண்டாறது?” என்பார்.

நான் அதெல்லாம் காதில் வாங்கவில்லை. எனக்கு பஸ் ஸ்டாண்டு ஓரமாக ஒரு பேக்கரி. டீ, பப்ஸ், பிறந்தநாள் கேக். சென்னை பஸ்சும் பாண்டி பஸ்சும் நிற்கிற இடம். சொந்த அண்ணன் கடை இருக்க, ஊரெல்லாம் எதற்கு அலைய வேண்டும்? “கலை என் கடையிலயே இருக்கட்டும்” என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

“நல்லது. அப்ப வந்து பாத்துட்டு சொல்றேன்” என்றார் வேன்காரம்மா.

“என்னாத்த பாக்கறது? என் கடதானே!”

“அதாம்பா, உன் கடயதான்.”

சொன்னபடி மறுநாள் தட்டோடு வந்துவிட்டார். கலை பட்டுப் பாவாடையில் பின்னால் நிற்கிறாள். டீ மாஸ்டர் பாய், இருபது வருடமாக எங்கள் கடையில் டீ ஆற்றுகிறவர், யாருக்கோ நிச்சயதார்த்தம் என்று நினைத்து ஸ்பெஷல் டீ போட்டார். நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரு பழத்தை எடுத்து உரித்தேன். என் தங்கைக்கு நான் வேலை கொடுக்கிறேன், எனக்கு என்ன பரீட்சை?

“மதியானம் கலை யாரோட குந்தி சாப்புடுவா?”

“வூடு பக்கத்துலதானே இருக்குது? போயி அம்மா கையால சுடச்சுட சாப்ட்டு வரட்டும்.” எவ்வளவு நல்ல பதில் என்று எனக்கே பட்டது.

“நீ எங்க சாப்புடுவ?”

“நான் இங்கதான், கல்லாவுலயே. யாவாரத்துல எங்க நேரம்?”

“பாய்?”

“பாய் அவரு பாட்டுக்கு பின்னாடி போயி சாப்ட்டுக்குவாரு.”

“பாய், நெசமா?”

பாய் வடிகட்டியை உதறிக்கொண்டே, “ஆமாம்மா, மூட்ட மேல குந்திக்குவேன். பழக்கமாயிட்ச்சு” என்றார்.

வேன்காரம்மா கடையை ஒரு சுற்று பார்த்தார். “ஏம்பா, இருபது வருஷமா ஒண்ணா இருக்கீங்க. உன் கடையில யாரும் யாரோடயும் சாப்புடறதே இல்லையே! இதுல இவள கொண்டாந்து எங்க குந்த வெக்கறது? வேலைக்கு அண்ணன் கட, சோத்துக்கு அம்மா வூடு. அப்ப இவ இன்னும் அந்த வாசல்லயேதானே நிக்கறா?”

எனக்குச் சுருக்கென்றது. “சொந்த தங்கச்சிம்மா!” என்று குரலை உயர்த்தினேன்.

“தங்கச்சியா வெச்சுக்க, நல்லா வெச்சுக்க. வேலைக்கு ஒத்து வராது.” தட்டைத் தூக்கினார். பிறகு என் கையைப் பார்த்தார். “அந்தப் பழம்?”

கொடுத்தேன். வேறு என்ன செய்ய? பாதி உரித்த பழத்தைத் தட்டில் சீப்போடு சேர்த்து வைத்து, என் கண்ணாடிப் பெட்டியை இரண்டு தட்டு தட்டி “ரைட்!” என்றார். பப்ஸ் எல்லாம் குலுங்கின. பாய் பாய்லர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாராம்.

சொந்த அண்ணனே பெயிலானபிறகு மற்றவர்கள் கதி என்ன ஆகும்? ஒரு துணிக்கடை, ஒரு முந்திரிக் கம்பெனி, கடலோரம் ஒரு ரிசார்ட். தட்டு போன வேகத்தில் திரும்பி வந்தது. ரிசார்ட் மேனேஜர் ‘ஸ்டாஃபுக்கு சாப்பிட அரை மணிக்கு ஒருத்தராகத்தான் இடம்’ என்று இங்கிலீஷில் விளக்கினாராம். வேன்காரம்மா அவர் தலையைத் தொட்டு எண்ணிவிட்டு எழுந்துவிட்டார். கலை மறுபடி வாசலில் நின்றாள். அம்மா என்னைத் திட்டினாள், நான் வேன்காரம்மாவைத் திட்டினேன். “இந்த அம்மா புண்ணியத்துல உள்ளதும் போச்சு” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குப் பயம். இந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை ஒன்றும் அமையாதோ என்ற பயம்தான். அதைக் கோபமாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் உப்பு முதலாளி. பிரம்மதேசத்தில் வீடு, மரக்காணத்தில் உப்பளம், பக்கத்திலேயே பாக்கெட் போடும் கொட்டகை. பெண்கள் உப்பை அள்ளி பையில் போட, ஓடுகிற பட்டையில் அதை நகர்த்தி ஒரு மிஷின் சூடு வைத்து சீல் போடும். ‘பெண் வீட்டு ஆள் ஒருத்தர் கூட வரணும்’ என்று என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார் வேன்காரம்மா.

அந்த வீட்டில் முப்பது தாண்டிய பையன் ஒருவன் கல்யாணமாகாமல் இருந்தான். தெருமுனையில் தட்டு தெரிந்ததுமே முதலாளியம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாங்கள் உட்கார்வதற்குள் உள்ளே எண்ணெய் காய்ந்தது. கேசரி வந்தது, வாழைக்காய் பஜ்ஜி வந்தது. வயலில் இருந்த பையனுக்குப் போன் போட்டு வரவழைத்து, தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டு நிறுத்திவிட்டார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். வேன்காரம்மா முழங்கையால் இடித்தார். “பஜ்ஜி ஆறிடும், சாப்புடு.”

எல்லாம் சாப்பிட்டு, கை கழுவி, முந்தானையில் துடைத்தபிறகு கேட்டார். “எங்க பொண்ணு மதியானம் யாரோட குந்தி சாப்புடும்?”

“இது என்னாங்க கேள்வி?” என்றார் முதலாளியம்மா. “எங்களோடதான். வந்த எடத்துல பொண்ண தனியா குந்த வெக்கற வூடா இது?”

“அய்யோ, உங்களோட வாணாங்க. கொட்டாயில, பாக்கெட் போடற பொம்பளைங்களோட” என்றார் வேன்காரம்மா.

அந்த அம்மா முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. பையன் மெதுவாக வெள்ளைச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினான். முதலாளிதான் முதலில் சிரித்தார். சிரித்த வாயோடு, “வேலைக்கா? எண்ணத் தெரியுமா பொண்ணுக்கு?” என்றார்.

“தெரியாதுங்க.”

“படிக்க?”

“வராதுங்க. எடை போடற மிஷினுல பச்ச லைட் எரிஞ்சா எடு, செவப்பு எரிஞ்சா இன்னும் போடுன்னா சரியா செய்வா. உங்க ஆளுங்க எப்டி சாப்புடுவாங்கன்னு சொல்லவே இல்லையே?”

முதலாளிக்குத் தெரியவில்லை. அவர் கொட்டகையில் யார் எப்போது சாப்பிடுகிறார்கள் என்று அவர் எதற்குப் பார்க்கப் போகிறார்? “நாளைக்கு மதியம் நானே வந்து பாத்துக்கறேன்” என்று வேன்காரம்மா சொல்லிவிட்டு, தட்டோடு எழுந்துகொண்டார். போகும்போது மாப்பிள்ளைப் பையன் தலையையும் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் போனார்.

மறுநாள் கலையையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனோம். வெயில் உப்புமேட்டில் பட்டு கண்ணைக் கூசவைத்தது. பெண்கள் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மிஷின் நிற்கக் கூடாது, அதனால் இரண்டு பேர் சாப்பிட்டால் மற்றவர்கள் வேலை பார்ப்பார்கள். வேன்காரம்மா முகம் சுருங்கியது. தட்டு திரும்பப் போகிறது என்றே நினைத்தேன். அப்போது தூணோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மல்லிகா நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கொட்டகையில் அவள் வாய்க்கு முதலாளியே பயப்படுவார். கலையை மேலும் கீழும் பார்த்தாள். ஒன்றும் விசாரிக்கவில்லை. தன் டிபன் பாக்ஸை இந்தப் பக்கம் நகர்த்திவிட்டு, “என்னாடி நின்னுக்கினு இருக்க? குந்து. கருவாட்டுக் கொழம்பு துன்னுவியா?” என்றாள்.

கலை உட்கார்ந்தாள். பழம் அங்கேயே இருந்தது.

நல்லபடியாக முடிந்தது என்று நினைக்கிறீர்கள் இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். பச்சை லைட், சிவப்பு லைட் எல்லாம் சீக்கிரமே பழகிவிட்டது. சம்பளத்தில் அம்மாவுக்குத் தலை வார ஒரு பெரிய சீப்பு வாங்கிக் கொடுத்தாள், ஏன் சீப்பு என்று இன்றுவரை தெரியவில்லை. பிரச்சினை மதியத்தில்தான். மல்லிகா சாப்பிட்டு எழுந்துவிட்டால் அடுத்தவர்கள் வருவார்கள், அவர்கள் எழுந்தால் இன்னும் இருவர். கலைக்கு அது பிடிபடவில்லை. எல்லோரும் உட்காராமல் எப்படிச் சாப்பிடுவது? “ஏன் நிக்கறீங்க? ஏன் நிக்கறீங்க?” என்று ஒவ்வொருத்தியிடமும் போய்க் கேட்டிருக்கிறாள். “மிஷின் ஓடுதுடி” என்று சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதானே! ஒருநாள் நேராகப் போய் மிஷினை அணைத்துவிட்டாள்.

பட்டையில் பாதி வந்த பைகள் உருகி ஒட்டிக்கொண்டன. உப்பு தரையெல்லாம் கொட்டியது. முதலாளி ஓடி வந்து கத்தோ கத்து என்று கத்தினார். “நாளையிலேர்ந்து வராத!” கலை அழவில்லை. “எல்லாரும் சாப்புடுங்க” என்றாளாம்.

மறுநாள் காலை கலை மறுபடியும் எங்கள் வாசலில் பையோடு நின்றாள். வேனுக்கல்ல, வேலைக்கு. வரக் கூடாது என்பது அவளுக்குப் புரியவே இல்லை. அம்மா உள்ளே உட்கார்ந்து புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் வேன்காரம்மாவுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். என் கடையில் சேர்த்திருந்தால் இந்த அவமானம் உண்டா? அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்துவது மட்டும் கேட்டது. “மதியம் கொட்டாய்க்கு வா. அவளயும் இட்டுக்கினு வா” என்றார்.

தட்டு இல்லாமல் வந்திருந்தார். முதல் தடவையாக அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். செயினில் ஊக்குகளைத் திருகிக்கொண்டே நின்றார். முதலாளி எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து மல்லிகா குரல் வந்தது.

“வந்துட்டாளா? ஏய் கலை! வந்து இத நிறுத்துடி. பசி உயிரு போவுது.”

“நிறுத்துனா பையெல்லாம் ஒட்டிக்கும்!” என்றார் முதலாளி.

“பட்ட காலியாவுட்டு நிறுத்துனா ஒட்டாதுங்க. அத அவளுக்கு ஒருத்தரும் சொல்லித் தரல. நேத்து மிஷின் நின்ன நேரத்துல எல்லாரும் ஒண்ணா குந்தி சாப்ட்டோம். என்னா, குடியா முழுகிப் போச்சு? அதுல விட்டுப்போன பாக்கெட்ட பொழுதுக்குள்ள போட்டுட்டோமா இல்லியா? நீங்களே பாத்தீங்கல்ல?”

முதலாளி ஏதோ முணுமுணுத்தார். மற்ற பெண்களும் கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டார்கள். பட்டையில் இருந்த கடைசி பாக்கெட் நகர்ந்து வந்து விழுந்தது. “இப்ப” என்றாள் மல்லிகா. கலை போய் சுவிட்சை அணைத்தாள். கொட்டகையில் சத்தம் நின்றது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். அன்றுமுதல் அங்கே மதியச் சாப்பாட்டுக்கு மிஷின் நிற்கிறது, அதை நிறுத்துவது கலையின் வேலை. வேறு யாரும் அந்த சுவிட்சைத் தொட்டால் விடமாட்டாள், முதலாளியாக இருந்தாலும் சரி.

வேன்காரம்மா அந்த வட்டத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டார். மல்லிகா தலையை, கலை தலையை, எல்லோரையும். “சரியா இருக்குது” என்றார். பிறகு தூணை இரண்டு தட்டு தட்டினார், “ரைட்!” மட்டும் வாய்க்கு வரவில்லை. கலைதான் சோற்று வாயோடு சொன்னாள்.

சில வருடத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய பஸ் வந்தது. கதவு தானாக மூடுகிற பஸ். வேன்காரம்மாவை ஓசூரில் இருக்கும் மகன் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது தாம்பாளத்தைக் கலையிடம் கொடுத்தார். “ஓசூர்ல நான் யாருக்கு வேல பாக்கப் போறேன்? நீ வெச்சுக்கடி.” போனமாதம் விசாரித்தேன். அங்கே புதிதாக ஒன்று வாங்கிவிட்டாராம். மகன் தலையில் அடித்துக்கொள்கிறான்.

நான் சொல்ல வந்தது போன வாரம் நடந்தது. கலைக்கு லீவு. கடையில் நான் கல்லாவில் இருக்கிறேன். எதிரே ரோட்டைத் தாண்டி யாரோ தட்டோடு வருகிறார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். என் தங்கை! பின்னால் சேகர். அதே சேகர், சோறு இறங்காதவன். இப்போது மீசையில் ஒன்றிரண்டு நரை இருக்கிறது.

தட்டைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தாள். வெற்றிலை, பாக்கு, கதம்பம், பழம்.

“ண்ணா, சேகருக்கு உன் கட சரிப்படுமான்னு பாக்க வந்தோம்.”

எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று தெரியாது. “கேளு” என்றேன்.

“மதியானம் இவன் யாரோட குந்தி சாப்புடுவான்?”

ஒன்று சொல்ல வேண்டும். பழம் திரும்பிப் போன அந்தக் கோபத்தில், மறுநாளே ஒரு பெஞ்சு வாங்கி பின்பக்கம் போட்டிருந்தேன். அந்த அம்மா மறுபடி வந்தால் காட்டுவதற்கு. அவர் வரவில்லை. பெஞ்சு சும்மா கிடக்கிறதே என்று நானும் பாயும் அதில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தோம். பாய் வீட்டுத் தாளிச்சா எனக்கு, எங்கள் வீட்டு வத்தக்குழம்பு பாய்க்கு. வருடங்கள் ஓடிவிட்டன.

“என்னோடயும் பாயோடயும்” என்றேன்.

“நெசமா பாய்?”

“வந்து பாரும்மா. சோறு போடற நேரந்தான்” என்றார் பாய்.

உட்கார்ந்தோம். நடுவில் சேகர். கலை எதிரே நின்றுகொண்டாள், சாப்பிடவில்லை, எங்கள் வாயையே பார்த்தாள். நான் சேகரைப் பார்க்காதது போலப் பார்த்தேன். சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான். என் கையில் இருந்த கவளம் அப்படியே நின்றது. இத்தனை வருடம் வீட்டில் கிடந்தவன், என் பெஞ்சிலும் இறங்கவில்லை என்றால் எங்கே இறங்கும்? பாய் ஒரு கரண்டி தாளிச்சா எடுத்து அவன் சோற்றில் விட்டார். சேகர் ஒரு வாய் எடுத்தான். மென்றான். விழுங்கினான். அடுத்த வாய் எடுத்தான்.

“உப்பு கம்மி” என்றான்.

கலை வந்து எங்கள் தலைகளைத் தொட்டாள். என் தலை, சேகர் தலை, பாயின் தொப்பி. முன்பக்கம் போய்க் கண்ணாடிப் பெட்டியை இரண்டு தட்டு தட்டி “ரைட்!” என்றாள். பப்ஸ் குலுங்கின. சேகரை எங்களோடு விட்டுவிட்டு நடந்தாள். நான் கை கழுவிக் கல்லாவுக்கு வந்தேன். பழம் தட்டில் இருந்தது. நான் தொடவில்லை. அவள் ரோட்டைத் தாண்டட்டும்.

பாதி ரோட்டில் நின்றாள். திரும்பினாள். நேராகக் கடைக்கு வந்தாள். தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். பழத்தையும் வெற்றிலையையும் என் கல்லா மேல் கொட்டினாள்.

“தட்டு எனக்கு வேணும்ண்ணா. இன்னும் எவ்ளோ பேரு வாசல்ல நிக்கறாங்க தெரியுமா?”

காலித் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் ஒரு பழத்தை எடுத்து உரித்தேன்.